வசந்தாவின் முகமும் என் எலுமிச்சம்பழமும்

வசந்தாவின் முகத்தைக் கெடுத்தவள் நான்தான். நிலக்கரித் தூசி அல்ல. என் கணவர் அல்ல. நான்!

எழுதும்போதே கை கூசுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே வெட்கப்படுவேன். உங்களிடம், இந்தக் காகிதத்தில் மட்டும்தான் சொல்ல முடியும்...

எழுபதுகளின் கடைசி. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் வசந்தாவின் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர். அவளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். வியாழனன்று அவள் அம்மா செண்பகம், திருநெல்வேலிக்காரி, என்னிடம் வந்து நின்றாள்.

"யக்கா, ஒங்க மூஞ்சி மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு? எம்புள்ளைக்கும் ஏதாச்சும் பண்ணி விடுங்களேன்."

என் முகத்தில் பளபளத்தது அடுப்படி வியர்வை. அது எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் ஒருவர் யோசனை கேட்டது அதுவே முதல் தடவை! தெரியாது என்று சொல்ல மனம் வருமா?

வசந்தா மாநிறம். எனக்கோ அது சுரங்கத் தூசி படிந்த நிறமாகவே பட்டது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியே சாயங்காலத்துக்குள் பழுப்பாகிற ஊர், முகம் ஆகாதா? குத்துவிளக்கு கறுத்தால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கிறோமே...

கடலைமாவில் ஒரு முழுப் பழத்தைப் பிழிந்தேன். போதாது என்று தோன்றியது. இன்னொன்று. குழைத்து அப்பினேன்.

"எரியுது அத்தை."

"தூசி கழலுது கண்ணு. பேசாம கண்ண மூடிக்கினு ஒக்காரு."

அதோடு விட்டேனா? சீக்கிரம் காயட்டுமென்று பங்குனி வெயிலில், என் கூழ்வற்றலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன்! வற்றலைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அவளையும் திரும்பி உட்காரச் சொன்னேன்.

மறுநாள் இரு கன்னமும் சிவந்தன. சனிக்கிழமை திட்டுத்திட்டாகக் கறுத்தன.

அப்போது பார்த்தா என் கணவர் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்து, வாசலில் சட்டையை உதற வேண்டும்! செண்பகம் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி! நீங்க தெனமும் உதறுத கரிதான் எம்புள்ள மூஞ்சியில அப்பியிருக்கு!"

தெருவே கூடிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான்... முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"தப்புதாங்க" என்றார், பாவம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரண்டு தட்டுக் கேசரி தின்றார்கள். பெண்ணின் கன்னத்தைப் பார்த்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான். வசந்தா அழுதது சுவரைத் தாண்டி இரண்டு நாள் கேட்டது. அந்தச் சுவரில் சாய்ந்தபடி நான் வற்றலை டப்பாவில் அடைத்தேன்.

திட்டு சில மாதத்தில் மறைந்தது. மறுவருஷம் அவளுக்கு நல்ல இடமும் அமைந்தது. ஆனால் என் கணவர்? ஓய்வு பெறும்வரை, கொட்டும் மழையிலும், தெருக்கோடிப் புளியமரத்தடியில் சட்டையை உதறிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "எந்த வூட்டுப் பொண்ணு மூஞ்சியும் நம்மளால கெடக்கூடாது" என்பார். நான் தலை துவட்டத் துண்டு கொடுப்பேன். வேறென்ன கொடுத்தேன் அவருக்கு? அந்தப் பழியோடேயே போய்ச் சேர்ந்தார்.

சென்ற மாதம் வசந்தா வந்தாள். கல்யாண வயதில் நிற்கும் மகளுக்கு முகத்தில் என்ன போடலாம் என்று, வேறு ஆளே இல்லாததுபோல், என்னைக் கேட்டாள்!

"கடலமாவும் தயிரும் போதும். மொதல்ல மொழங்கை உள்பக்கம் துளி தடவி ஒரு நாள் பாரு. எரிஞ்சா ஒடனே கழுவச் சொல்லு, பொறுத்துக்க வேணாம்."

"எனக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களே அத்தை? அத விட்டுட்டீங்களே!"

இதோ, சொல்லிவிடலாம். இப்போதே...

"இப்ப வர்ற பழம் அப்ப மாதிரி இல்ல கண்ணு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "மாமா மட்டும் அப்பல்லாம் வாசல்ல சட்டைய உதறாம இருந்திருந்தா, நீங்க போட்டது நல்லாப் புடிச்சிருக்கும்."

ஆய்வதற்கு இந்த முறை முருங்கைக் கீரைகூடக் கையில் இல்லை.