மடவளையில் ஒரு பீர்க்கங்காய்

மடவளை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், பரீதா ராத்தாவின் கடைக்கூரையில் ஒரே ஒரு பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்து தொங்குகிறது. விதைக்கு விட்டதை யாரும் பறித்துவிடாதபடி காம்பில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. இந்த நாட்டு ரகம் வேறெங்கும் கிடைக்காததால்தான் நாவலப்பிட்டியிலிருந்து வந்திருக்கிறேன்.

கூரையில் குரங்கு ஏறுகிறது. நான் கல்லை எடுக்கிறேன்.

"கீழ போடுங்க தங்கச்சி. துரத்தினா காயோடதான் ஓடும்," என்கிறார் ராத்தா.

"அப்போ சும்மா நிக்கிறதா?"

"நிக்கத்தான் வேணும்."

குரங்கு காயைப் பறித்துக் கடிக்கிறது. உள்ளே வெறும் நார். சலித்துப்போய் வீசுகிறது. காய் நடுத்தெருவில் உடைந்து விதைகள் சிதறுகின்றன. வளைவில் கண்டி பஸ் வருகிறது.

ஓடிப்போய்க் குறுக்கே நிற்கிறேன். பஸ் முட்டுவதுபோல் வந்து நிற்கிறது.

"ரோட்டு உங்க வாப்பாடயா?" டிரைவர் கத்துகிறார்.

"இல்ல. விதை பொறுக்கணும், நில்லுங்க."

ஹாரன் விடாமல் அலறுகிறது. ராத்தா குனிந்து பொறுக்குகிறார். கடைசி விதையும் அவர் முந்தானைக்குள் போகும்வரை நான் நகர்வதாக இல்லை.