பவானிசாகர் கரையில் பதின்மூன்று அடி தூரம்

ஏப்ரல் மாதத்தில் பவானிசாகர் அணைப் பக்கம் போனால் கரைப்பறவைகளைக் கிட்டத்தில் படம் எடுக்க முடியுமா என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். முடியும். நான் எடுத்திருக்கிறேன், 1996 ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எப்படிப் போனேன் என்பதோடு, போய் என்ன கூத்து அடித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கோவைக்காரர்களுக்குக் கடல் கிடையாது, குளமும் அணையும்தான். சிங்காநல்லூர் குளத்தை ஐந்து வருடம் பைனாகுலரோடு சுற்றி வந்தும், பட்டாணி உப்புக்கொத்தி எனக்குச் சேற்றில் ஓடும் புள்ளியாகத்தான் தெரிந்தது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய பறவை. கண்ணைச் சுற்றி மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம். அந்த வளையம் தெளிவாக விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தும்போதுகூட அதே நினைப்பு.

300 எம்.எம். லென்ஸ் என்னுடையது அல்ல. கோட்டைமேட்டில் கேமரா பழுது பார்க்கும் சலீம் பாயிடம் இரவல் கேட்டேன். உடனே சரி என்றார், ஆனால் தானும் கூட வருவதாகச் சொன்னார். "நம்பிக்கை இல்லாம இல்லீங்க டீச்சர். அது தனியா எங்கியும் போனதில்லீங்க, அதான்" என்றார். வழி நெடுக லென்ஸ் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

காலை 4.30க்கு காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ். புளியம்பட்டியில் இறங்கி டீ குடித்துவிட்டு டவுன் பஸ் மாறினோம். மொத்தம் அறுபது கிலோமீட்டர், ஆளுக்குப் பதினோரு ரூபாய். 6.20க்குப் பவானிசாகர். அங்கிருந்து நீர் பின்வாங்கிய கரைக்கு மூன்று கிலோமீட்டர் நடை. 36 படங்களுக்கு ஒரே ஒரு ரோல் வைத்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கரையில் நின்றோம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. எப்போதோ முழுகிப்போன மரங்களின் கட்டைகள் அந்த வெளிர் நீலத்தில் அங்கங்கே நின்றன. தூரத்தில் நீலகிரி இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சலீம் பாய் ஒரு வேலமரத்தடியில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் கூழாங்கல் தரையில் குப்புறப் படுத்து முழங்கையால் ஊர்ந்தேன். புடவையை விட்டுச் சுடிதாரில் போனது அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அது வந்தது. நான் தேடிப் போகவில்லை, அதுவாகவே என்னை நோக்கி ஓடி வந்தது. அந்த லென்ஸுக்குப் பதின்மூன்று அடிக்கு உள்ளே வந்தால் ஃபோகஸ் ஆகாது. நான் பின்னால் நகர வேண்டியிருந்தது! ஒரு இறக்கையை விரித்துத் தரையில் இழுத்துக்கொண்டு, வாலை விசிறியாக்கிச் சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கும். நான் அசையாவிட்டால் மறுபடி கிட்டே வரும். மஞ்சள் வளையம் வியூஃபைண்டரில் பளிச்சென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பறவைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றே நம்பினேன். வெயில் முதுகில் ஏறியதோ மணி ஓடியதோ எதுவும் உறைக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, அந்தக் குருவிய ஏனுங்க இப்படி அலைய உடறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். பரிசலைக் கரையேற்றிவிட்டு ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் மாராத்தாள் என்று பிறகு தெரிந்தது. கணவரோடு அணையில் மீன் பிடிப்பவர், என் வயதுதான் இருக்கும்.

"எவ்வளவு அழகா ஆடுது பாருங்க" என்றேன், அசடு மாதிரி.

"ஆடறதில்லீங்க, கெஞ்சுதுங்க. அடிபட்ட மாதிரி நடிச்சு உங்கள அந்தப் பக்கம் இழுக்குதுங்க. உங்க கைக்குப் பொறத்தால பாருங்க."

என் இடது முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சிறு குழி. அதில் கல்லின் நிறத்திலேயே நாலு முட்டைகள். என் கேமரா பையின் வார் குழியின் விளிம்பில் கிடந்தது. மணி 9.40.

"வெயிலு ஏறிப்போச்சுங்க. அது உக்காராட்டி முட்டை வெந்துபோயிருமுங்க. எந்திரிச்சு வாங்க."

பையை எப்படி எடுத்தேன், எப்படி ஓடினேன் என்பது நினைவில்லை. மூவரும் வேலமரத்தடியில் நின்று பார்த்தோம். பறவை குழிக்குப் போகவில்லை. நேராகத் தண்ணீருக்கு ஓடியது. எல்லாம் முடிந்தது என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "பொறுங்க" என்றார் மாராத்தாள். அது வயிறு நனையும்படி தண்ணீரில் அமுங்கி எழுந்தது. சொட்டச் சொட்ட ஓடி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீர், மறுபடி முட்டை.

"ரோல்ல இன்னும் ஒம்பது படம் இருக்குமுங்க டீச்சர்" என்றார் சலீம் பாய். நான் லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டியில் வைத்து மூடினார்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அங்கே சில பகுதிகளுக்கு அனுமதி வேண்டும், விசாரித்துக்கொண்டு போங்கள். படுப்பதற்கு முன் உங்களைச் சுற்றி நாலு முழத் தரையைக் கல் கல்லாகப் பாருங்கள். கோடையில் எட்டு மணிக்கெல்லாம் கரையை விட்டு வந்துவிடுங்கள். சிறகை இழுத்துக்கொண்டு ஒரு பறவை உங்களிடம் வந்தால் ஷட்டரை அழுத்தாதீர்கள். எழுந்து, வந்த வழியே திரும்பிப் போங்கள்.

படங்கள் அற்புதமாக வந்திருந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, கேமரா இல்லாமல், நான் மட்டும் போனேன். மாராத்தாள் என்னைப் பார்த்ததுமே, "புதங்கெழம பொரிச்சுப்போச்சுங்க. குஞ்சுக நெல்லிக்கா அளவுதானுங்க, என்னமா ஓடுதுங்கறீங்க!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. குழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். மூன்று குஞ்சுகள்தான் போயிருந்தன. நாலாவது முட்டை அங்கேயே கிடந்தது. ஒரு முட்டை பொரிக்காமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று மாராத்தாள் சொன்னார், பிறகு பறவை தெரிந்தவர்களும் சொன்னார்கள். இருக்கலாம். நான் என்னால்தான் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.