தோளுக்கு ஓர் அடி

நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, ஊசியில் கோத்து, முதல் தையலைப் போடுவதற்கு முன் ஸ்டூரே ஜன்னல் வழியாகச் சாலையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். சாலையில் ஒன்றும் இருக்காது. கோட்லாந்துத் தீவின் தென்கோடியில், அந்த வீட்டைத் தாண்டிப் போகிற வேலை ஆடுகளைத் தவிர யாருக்கும் கிடையாது. இருந்தாலும் பார்ப்பார்.

அவர் தைப்பது இரும்புக் கவசத்துக்கு அடியில் போடுகிற பஞ்சுச் சட்டை. பழைய காலத்து வீரர்களைப் போல உடுத்திக்கொண்டு, கோடை வந்தால் மழுங்கிய வாளால் மெய்யாகவே அடித்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பல் டாக்டர், பள்ளி ஆசிரியை, பஸ் டிரைவர் என்று எல்லோரும் உண்டு. "வெட்டைத்தான் இரும்பு தடுக்கும். அடியை வாங்கிக்கிறது பஞ்சு. ஆனா போட்டோவுல இரும்புதான் தெரியும்" என்பது ஸ்டூரேவின் நிரந்தரக் குறை.

மேலே லினன், கீழே லினன், நடுவில் பஞ்சு. கோடு கோடாகத் தைக்கத் தைக்கச் சட்டை சுருங்கிக்கொண்டே வரும். அதற்காக மார்பளவில் ஒரு சாண் கூட்டியே வெட்டுவார். சொந்தமாகத் தைக்கக் கிளம்பியவர்கள் இதை மறந்துவிட்டு, பொத்தான் எட்டாத சட்டையோடு அவரிடமே வந்து நிற்பார்கள். "புள்ளைக்குத் தைச்சீங்களா? நல்லாருக்கு" என்பார், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

அறுபத்தெட்டு வயது. சோபா பட்டறையில் முப்பது வருஷம் ஊசி பிடித்த கை. மத்தியானச் சாப்பாடு காய்ந்த ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும். அதையும் நின்றபடியே முடித்துவிடுவார். "ஒத்தையா உக்காந்து சாப்பிட்டா நேரமே போக மாட்டேங்குது." ரேடியோவில் கப்பல்களுக்கான வானிலை சொல்லும்போது, வடக்குக் காற்று என்றால் "சரி சரி" என்று பதில் சொல்வார். சில வாரங்களில் அவர் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான்.

தைத்து முடித்த சட்டையை அடித்துப் பார்க்காமல் அவர் அனுப்பியதில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூரே முற்றத்தில் நிற்பார். அண்ணன் ரூனே மண்வெட்டிக் காம்பால் அடிப்பார். இடது தோளில் ஒன்று, வலது தோளில் ஒன்று. அவ்வளவுதான் சோதனை.

"வலிக்குதாடா?"

"இல்ல."

"சின்ன வயசுல மட்டும் தொட்டதுக்கெல்லாம் அம்மாகிட்ட ஓடுன."

பதினான்கு வருஷம் இப்படியே நடந்தது. போன இலையுதிர் காலத்தில் ரூனேவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. மகள் வந்து கப்பலேற்றி அக்கரைக்குக் கூட்டிப்போய்விட்டாள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "கேக்கலடா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ரூனே வைத்துவிடுவார். அண்ணன் இல்லாத வீடு ஸ்டூரேவுக்குப் பிடிக்கவே இல்லை.

அதன்பிறகு சட்டையை வைக்கோல் பொம்மைக்கு மாட்டி, தானே அடித்துப் பார்த்து ஒன்றை அனுப்பினார். வசந்தத்தில் லுண்ட் நகரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. "சட்டை ரொம்ப அழகு. கழுத்துப்பட்டை எலும்புதான் விரிசல்." தோள்பட்டையில் பஞ்சு ஒதுங்கி, வெறும் துணியாக நின்றிருக்கிறது. அந்தக் கார்டை வெட்டு மேசைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறார். "பொம்மை வலிக்குதுன்னு சொல்லுமா? நானும் கேக்கல" என்று தன்னையே திட்டிக்கொள்கிறார்.

இப்போது, மால்மோ நகரத்தில் இருக்கிற இல்வா என்ற பல் டாக்டரின் சட்டை முடிந்துவிட்டது. சனிக்கிழமை அவள் களத்தில் இறங்குகிறாள். இன்றைய தபாலில் போனால்தான் உண்டு. சோதிக்காமல் அனுப்பி இன்னொரு எலும்பை விரிசல் விடவைக்க ஸ்டூரேவுக்கு மனம் வரவில்லை. ஆனால் வந்து என்னை அடித்துவிட்டுப் போங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளி, அதுவும் பூட்டிக் கிடக்கிறது.

ஜூலை மாதத்து உச்சி வெயிலில், இல்வாவின் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, மண்வெட்டிக் காம்போடு தபால் பெட்டி அருகே போய் நின்றார். விலாசம் எழுதிய காலி அட்டைப்பெட்டி மதில்மேல் தயாராக இருந்தது. தபால்கார அன்னெலி வண்டியை நிறுத்தினாள்.

"என்ன ஸ்டூரே, ரொம்பக் குளிருதா?"

"ஒரு உதவி அன்னெலி. இதால என் தோள்ல ஒன்னு போடுங்க. ஓங்கி."

"பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டீங்களா?"

லுண்ட் கார்டின் கதையைச் சொன்னார். அவர் ஒரு மனிதரோடு நேரில் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்னெலி கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், இறங்கினாள். முதல் அடி தூசி தட்டுவதுபோல விழுந்தது.

"தலகாணியா தட்டுறீங்க? உங்க மேனேஜரை நெனச்சுக்கங்க."

மேனேஜரை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அடி விழுந்த சத்தத்தில் வேலியோரத்து ஆடுகள் தலை நிமிர்த்தின. அன்னெலி பதறிப்போனாள்.

"ஐயோ, வலிக்குதா?"

ரூனே போன பிறகு இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "இல்ல" என்றார் ஸ்டூரே.

வலது தோளிலும் ஒன்று விழுந்தது. "வலிக்குதா, ஸ்டூரே?"

"இல்ல."

இரண்டு தோளும் தேறிவிட்டன. இனி சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். அன்னெலி காம்பை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, இடது தோளை மறுபடியும் அவள் பக்கம் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.