ஏ சப்ளை!

கல்லூரியில் படித்த காலத்தில், முகூர்த்த நாட்களில் எனக்குப் பேர் கிடையாது. சப்ளை, அவ்வளவுதான். எனக்கு மட்டுமல்ல, என்னோடு கல்யாணப் பந்தியில் பரிமாற வந்த ஏழு பெண்களுக்கும் அதுதான். ஒருத்தி நின்றாலும் சப்ளை, எட்டுப் பேரும் சேர்ந்து நின்றாலும் சப்ளை. "ஏ சப்ளை, இங்க வா" என்று குரல் வந்தால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது, கூப்பிட்டவருக்கும் தெரியாது. கையில் வாளி இருந்தால் இன்னும் விசேஷம். சாம்பார் வாளியைத் தூக்கினால் நான் சாம்பார். "ஏ சாம்பார், எங்க ஓடுற?" என்பார்கள். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள், பட்டு வேட்டிக்காரர்கள். அவர்கள் வீட்டு நாய்க்குப் பேர் இருந்திருக்கும்.

விடியற்காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூடுவோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற அக்கா எல்லோருக்கும் ஒரே மாதிரி மெரூன் சேலை கொடுப்பார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. பஸ் ஏறியதும் பாடம் ஆரம்பமாகும். "சிரிச்ச மூஞ்சா இருங்கடி. யாரு என்னா சொன்னாலும் பதில் பேசாதீங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொல்வார். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அன்றைக்குக் கல்யாணம் கடலூர் முதுநகரில். மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் என் தோழி நின்றுவிட்டாள். குமராட்சிப் பக்கத்துப் பெண், என் வகுப்பு. அக்காவிடம் வேலை கேட்டு அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

"ஏய், இது எங்க ஊரு பெரிய வூட்டு கல்யாணம்டி" என்றாள்.

"இருந்துட்டுப் போவுது."

"ஒனக்குப் புரியல. எங்கம்மா இவுங்க வயலுக்குத்தான் நடவுக்குப் போவுது. காலனிப் பொண்ணு நம்ம பந்தியில சோறு போட்டுச்சான்னு கேப்பாங்க. எங்கம்மாவ வேலைக்கே கூப்புட மாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றை விளைவிக்கும்போது வராத தீட்டு இலையில் போடும்போது எங்கிருந்து வருகிறது? நாற்றைத் தொட்டு நட்ட கை யாருடைய கை? இதைச் சத்தமாகவே கேட்டேன். அக்கா என் வாயைப் பொத்தாத குறைதான். பிறகு தோழியிடம் மெதுவாகச் சொன்னார். "வந்துட்ட, இரு. அவுங்க எங்க நம்ம மூஞ்சியப் பாக்கப் போறாங்க?"

அக்கா சொன்னது சரிதான். முதல் பந்தி முழுக்க யாரும் பார்க்கவில்லை. பந்தியில் சாப்பிடுகிறவர்கள் இலையைப் பார்ப்பார்கள், வாளியைப் பார்ப்பார்கள், கரண்டி எவ்வளவு மொள்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு மேலே ஏற அவர்கள் கண்ணுக்கு வலிக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா வரிசைகளுக்கு நடுவே நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று என் தோழியின் அம்மாவை வேலை ஏவுகிறவர் அவர்தான். அவளும் லீவு நாட்களில் அம்மாவோடு போய் அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். அப்படியிருந்தும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்.

இரண்டாவது பந்தியில் அவள் பாயச வாளியோடு குனிந்திருந்தாள். பின்னாலிருந்து அவர், "ஏ சப்ளை!" என்று போட்ட சத்தத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயசிலிருந்து கேட்டுப் பயந்த குரல். கரண்டிப் பாயசம் சம்பந்தி வீட்டு அம்மா ஒருவரின் பட்டுச்சேலையில் கொட்டிவிட்டது. பெரியப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவள் சமையல்கட்டுப் பக்கம் வந்துவிட்டாள். அவர் பார்த்தது மெரூன் முதுகை மட்டும்தான்.

"எந்த சப்ளை ஊத்துச்சி? அதக் கூப்புடு. சம்பந்தியம்மா கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கச் சொல்லு!"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டுப் பேரும் வாளியை வைத்துவிட்டுப் போய் வரிசையாக நின்றோம்.

"உங்கள்ல யாரு ஊத்துனது?"

"சப்ளைதான் சார் ஊத்துச்சி" என்றேன்.

"எந்த சப்ளை?"

"எல்லாம் ஒரே சப்ளைதான சார். காலையிலேர்ந்து நீங்க அப்படித்தான கூப்புடுறீங்க?"

பக்கத்தில் நின்றவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் தோழி முன்னால் வந்து நின்றார். அவளையும் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போனார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"எல்லாம் வெளிய போ!" என்று கத்தினார்.

பதில் பேசாதே என்று எங்களுக்குப் பாடம் எடுத்த அக்கா கையுறையைக் கழற்றினார். "வாங்கடி போலாம்" என்றார். அந்த அக்காவை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்தது.

வாசலில் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். உள்ளே மூன்றாவது பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. இலை போட்டார்கள், தண்ணீர் வைத்தார்கள், சோறு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வரிசைக்கு ரசம் இரண்டு தடவை வந்ததாம், அடுத்த வரிசைக்குச் சோறே வரவில்லையாம். தலைக்குமேல் கல்யாணம் இருக்கும்போது கௌரவம் பார்த்தால் ஆகுமா? பெரியப்பாவே வெளியில் வந்தார்.

"வாங்கம்மா. உள்ள வாங்க. ஜனங்க ஒக்காந்திருக்காங்க" என்றார்.

சப்ளை போய் அம்மா வந்ததை எட்டுப் பேரும் காதால் கேட்டோம். நாங்கள் எத்தனை பேர் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் என் தோழி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஊத்துனது நாந்தான் சார்."

அவள் அம்மா அவரை ஐயா என்பார். இவள் சார் என்றாள்.

"குமராட்சிலேர்ந்து உங்க வயலுக்கு நடவுக்கு வராங்களே, அவுங்க பொண்ணு. அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேக்குறேன். கால்ல வுழ மாட்டேன்."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. இவளைக் காப்பாற்றத்தானே இத்தனை கூத்து? அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து யாரோ, "சோறு என்னாச்சி?" என்று கத்தினார்கள். அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

அவள் நேராகச் சம்பந்தி வீட்டு அம்மாவிடம் போய் நிமிர்ந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா சேலையை அலசி ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். "தொவச்சா போயிடும்மா. கால்ல வுழணும்னு நானா கேட்டேன்?" என்றார். அதன்பிறகு பந்தி முடிகிறவரை அவள்தான் எல்லா வரிசைக்கும் சோறு போட்டாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சிதம்பரத்தில் இறங்கி மினி பஸ் பிடித்து அவளோடு குமராட்சிக்குப் போனேன். நாங்கள் போவதற்கு முன்பே போன் போய்விட்டிருந்தது.

அவள் அம்மா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "பெரிய வூட்லேர்ந்து பேசுனாங்க. இனிமே நடவுக்கு வரவேணான்னுட்டாங்க" என்றார்.

தோழி உடைந்துபோய் அழ ஆரம்பித்தாள். "என்னாலதாம்மா" என்றாள். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"கால்ல வுழுந்தியா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு அழுவுற? கையக் கழுவிட்டு ரெண்டு பேரும் ஒக்காருங்க, சோறு போடுறேன்."