விளையாடப் போவது நான்தான்

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் நெல் விவசாயம் செய்யும் செல்வப்பிரியாவுக்கு வயது நாற்பத்தாறு. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, துப்பறியும் நாவல்களைப் பை நிறைய வாங்கி வருவாள். புத்தகக் கடைக்காரர் முதல் தடவை சமையல் புத்தகங்களைத்தான் காட்டினார். "சமைக்கத் தெரியுமுங்க. கொலைகாரனக் கண்டுபிடிக்கிற புஸ்தகம் வேணும்" என்ற பிறகே வேறு அலமாரிக்குப் போனார்.

இந்த முறை பக்கத்து விளையாட்டுக் கடைக்கும் போனாள். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் சீட்டு விளையாட்டு ஒன்றைக் கேட்டாள்.

"பையனுக்கு என்ன வயசுங்க?" என்றார் விற்பனையாளர்.

"பையனுக்கில்லீங்க, எனக்கு."

"விதியெல்லாம் இங்கிலீசுல இருக்குதுங்க. உங்களுக்குக் கஷ்டம்."

செல்வப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. மேசைமேல் பிரித்து வைத்திருந்த மாதிரிப் பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். "இப்ப உக்காருங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

கடைக்கு வந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் கொலைகாரன் யாரென்று அவளே முதலில் சொன்னாள். விற்பனையாளர் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார்.

வீட்டில் கணவன் தனபால் அதைப் பார்த்து, "இந்த வயசுல சீட்டாட்டமா?" என்றான்.

"ஆமாங்க. பொழுதோட பக்கத்து ஊட்டு ராமாத்தாளும் வர்றா. நீங்களும் உக்காந்தா சேத்துக்குவோம்."

உட்கார்ந்தான். முதல் ஆட்டத்திலேயே தோற்றான்.