நிரோஜன் சொல்லாமல் விட்டது

யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசம்... அந்த நுரையீரல் டொக்டரின் அறையை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் அதுதான் வருகிறது. காரில் ஏறுவதற்கு முன்பு மகேஸ்வரி தன் மகனின் நெஞ்சில் தேய்த்துவிட்டிருந்தார். மகனுக்கு முப்பத்துமூன்று வயது.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், தாயும் மகனும் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர்கள். மகன் நிரோஜன் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தடிப்பான். இருமல் வந்தபோது குளிர் என்றோம், வசந்தம் வந்ததும் மகரந்த அலர்ஜி என்றோம். குடும்ப டொக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். பள்ளிக்கூட வயதிலிருந்தே டொக்டரிடமோ அலுவலகத்திலோ தாயாருக்கு இருக்கும் ஒவ்வொரு டெர்மினுக்கும் நிரோஜன் கூடப் போவான். எனக்காகவும் வந்திருக்கிறான். எனக்கு ஜெர்மன் விளங்கும், வாசிப்பேன். வாய் திறக்கத்தான் பயம்...

அன்று கார் ஓட்டிப்போனவன் என்ற முறையில் நானும் உள்ளே இருந்தேன். டொக்டர் மெதுவாகச் சொன்னார். புற்றுநோய். நாலாம் கட்டம். எலும்புக்கும் பரவிவிட்டது. குணமாக்க இயலாது, கொஞ்சக் காலம் கட்டுப்படுத்தி வைக்கலாம்.

மகேஸ்வரி மகனைப் பார்த்தார்.

"என்னவாமடா?"

"நெஞ்சில சளி கட்டிப்போய்க் கிடக்காம், அம்மா. குளிசை போட்டால் சரிவருமாம்."

"இதைத்தானே நானும் சொன்னனான். தைலம் பூச வந்தால் ஓடுவாய். இதுக்கே அந்தாள் இவ்வளவு நேரம் கதைச்சது?"

"ஜெர்மன்காரர் எதையும் நீட்டித்தான் சொல்லுவினம்."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. நான் மடியிலிருந்த என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் மருந்து ஏற்றவில்லை, விழுங்கும் குளிசைதான் கொடுத்தார்கள். அவனுடைய வகைப் புற்றுநோய்க்கு அது பொருந்துமாம். முடி கொட்டவில்லை, வேலைக்குக்கூடப் போனான். அதனால் அவன் சொன்ன கதையும் நின்றுபிடித்தது.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் என்ற ஊரிலுள்ள எங்கள் அம்மன் கோயில் தேருக்குப் பின்னால் மகேஸ்வரி அடியழித்தார். சூடேறிய தார் வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு எழுந்தார். நிரோஜன் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தான்.

"காணும் அம்மா, எழும்புங்கோ."

"உனக்கில்லையடா. என்ர முழங்காலுக்கு நேத்தி வைச்சனான்."

சிரித்தான்... நானும் சிரித்தேன். முழங்கால் நோகிறவர் யாராவது அப்படி வீதியில் விழுந்து எழும்புவாரா? எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் குளிசை வேலை செய்யாமல் போனது. அவன் கண்ணை மூடிய கடைசிக் கிழமை வரைக்கும் அந்த வீட்டில் சளி என்றுதான் பேச்சு. தாயும் மகனும் ஒருநாளாவது சேர்ந்திருந்து அழுதிருக்கலாமே என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா, அதைச் சொல்ல நான் யார்... இன்றும் எனக்குத் தெளிவில்லை.

போன கிழமை மகேஸ்வரியைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் பிள்ளைகள் கூட வரத் தேவையில்லை. டொக்டர் கைபேசியை மேசையில் வைத்து ஜெர்மனில் பேச, அது தமிழில் சொன்னது. இடது கண்ணில் போன பார்வை இனித் திரும்பாது என்பதையும் அதே குரலில்தான் சொன்னது.

வெளியே வந்து கோட்டுப் பொத்தான்களைத் தடவித் தடவிப் போட்டார்.

"இது ஒண்டையும் விடாமல் சொல்லுது, அண்ணை."

நான் காரின் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அண்டைக்குச் சளி எண்டு சொல்லேக்குள்ள அவனுக்குக் கை நடுங்கினது. பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"