அவர் கைக்கு ஒரு வில்

மரம் ஏற்றிய லாரி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கவிழ்ந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர். உயிர் தப்பியது. வலது தோள்பட்டை நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் எஸ்டேட் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஈப்போவில் ஒரு தையல் பேக்டரிக்கு நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், சாயங்காலம் வந்து பார்த்தாலும் அதே சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருப்பார். மூடி வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும்.

அவருக்கு லாரியைவிட வில்தான் உயிர். எஸ்டேட்டை விட்டுப் போன துரை ஒருவர் கொடுத்துச் சென்ற பழைய வில் அது. மான் சீசன் திறந்தால் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு என் அண்ணனோடு மலைக்காட்டுக்குப் போய்விடுவார். கட்டுப் பிரித்த மறுவாரம் அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். நாண் ஒரு சாண்கூட வரவில்லை. மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன்பிறகு பேச்சே நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கூண்டுக்குப் பின்னால் களைமருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடி திறக்கவில்லை. நான் பிடுங்கினேன். அவர் தடுக்கவில்லை. தடுக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. டப்பாவைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு அண்ணன் முன்னாலேயே அழுதேன்.

அண்ணன் டப்பாவைப் பரண்மேல் வைத்துவிட்டு வந்து சொன்னார். "ஈப்போவுல ஒரு தூண்டில் கடையில சக்கரம் வச்ச வில்லு வந்திருக்கு. கம்பவுண்டுன்னு சொல்றாங்க. இழுக்க ஆரம்பிக்கிறப்பதான் கனம். கடைசி வரைக்கும் இழுத்துட்டா பாதிக்குப் பாதி கொறஞ்சிடும். மச்சான் கைக்கு அது ஒத்து வரலாம்லா."

வரலாம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த லீவு நாளில் அவரை ஈப்போவுக்கு இழுத்துப் போனேன். அண்ணனும் வந்தார். 

கடை முதலாளி சீனர், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். எஸ்டேட் ஓரம் வளர்ந்தவராம், தமிழ் பேசினார். சுவரில் மூன்று வில் தொங்கின. அண்ணன் நேராகப் பெரியதைக் காட்டினார். "மானுக்கு அம்பது பவுண்டு கனமாவது வேணும். கொறஞ்சா அம்பு உள்ள போவாது."

என் கணவர் வாங்கி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாண் பாதிகூட வரவில்லை. தோள் சட்டென்று விட்டுக்கொடுக்க, பின்னால் இருந்த அலமாரியில் சாய்ந்தார். தூண்டில் பெட்டிகள் சரிந்து விழுந்தன. வில்லை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

பின்னாலேயே ஓடினேன். கடைகளுக்கு முன்னால் நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, இன்னொன்னு பாப்போங்க."

"எதுக்கு? நாலு பேருக்கு முன்னால விழுறதுக்கா?"

"எனக்காக."

"ஒனக்கு நான் எதுக்கு ஒதவுறேன் சொல்லு," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.  உள்ளே திரும்பிப் போய் இருப்பதிலேயே இலகுவான வில்லை எடுக்கச் சொன்னேன்.

"அக்கா, நீங்களா இழுப்பீங்க?" தவுக்கே சிரித்தார்.

நான் இழுத்தேன். முதலில் முரண்டு பிடித்தது. பாதி தாண்டியதும் யாரோ மறுபக்கம் விட்டுக்கொடுத்ததுபோல் கனம் இறங்கியது. அண்ணன் சொன்னது பொய்யில்லை. விடக்கூடாது, அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில் உடைந்துவிடும் என்று தவுக்கே பதறினார். மெல்ல இறக்கினேன். வெளியே போய் அவர் கையில் அதைத் திணித்தேன். "ஒரே ஒரு தடவ. அப்பறம் கேக்க மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் இழுத்தார் என்று நினைக்கிறேன்.  நடுவில் நின்றது. பிறகு தாண்டியது. நாண் தாடையைத் தொட்டது. அப்படியே பிடித்து நின்றார்.

ஆனால் இறக்கத் தெரியவில்லை. இறக்கும்போது கனமெல்லாம் திரும்பி வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. தோள் உதறத் தொடங்கியது. "விடாதீங்க, விடாதீங்க!" என்று தவுக்கே கத்தினார். நான் பாய்ந்து அவர் விரல்களுக்குமேல் என் விரல்களை வைத்து நாணைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அங்குலம் அங்குலமாக இறக்கினோம். அவர் உடம்பு முழுக்க வேர்வை. "இத எடுத்துக்கலாம்," என்றார்.

அண்ணனுக்கு இஷ்டமில்லை. இந்தக் கனத்துக்கு மான் சாகாது, அடிபட்டு ஓடும் என்றார். வில்லில் இருக்கும் திருகாணியை முறுக்கினால் கனத்தைக் கூட்டலாம், மெல்ல மெல்லக் கூட்டுங்கள் என்றார் தவுக்கே. எனக்கு மானைப் பற்றி யோசிக்க இடமில்லை. வாங்கிவிட்டேன்.

கோணிப்பையில் தேங்காய் மட்டையை அடைத்து மரத்தில் கட்டி, தினமும் எய்தார். சில நாள் தோள் வீங்கிப் படுத்துவிடுவார். எழுந்தால் மறுபடி எய்வார். சீசன் வந்ததும், கனம் இன்னும் போதாது என்று அண்ணன் தடுத்தும் கேட்காமல் கிளம்பினார், அண்ணனும் கூடவே போனார்.

மத்தியானம் வெறுங்கையோடு வந்தார்கள். அண்ணன்தான் சொன்னார். மான் மிக அருகில் வந்ததாம். அம்பு வயிற்றில் பாய்ந்ததாம், ஆழமாகப் போகவில்லையாம். ரத்தத்தைப் பின்தொடர்ந்து போய் ஓடைக்கரையில் தவறவிட்டுவிட்டார்கள். என் கணவர் வாசலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வாங்கிக் கொடுத்த வில். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

விடிந்ததும் பார்த்தால் அவர் படுக்கையில் இல்லை. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அண்ணனும் நானும் ரப்பர் மரங்களுக்கிடையே கூப்பிட்டுக்கொண்டே தேடினோம். வெயில் ஏறிய பிறகு காட்டோரத்திலிருந்து தானாக நடந்து வந்தார். சட்டையெல்லாம் மண்.

"கண்டுபிடிச்சிட்டேன். செத்துக் கெடந்துச்சி. கறிக்கு ஆவாது, பொதைச்சிட்டேன்," என்றார். அப்புறம் திண்ணமான குரலில் அண்ணனைப் பார்த்துச் சொன்னார், "கனம் பத்தல. நீ சொன்னது சரிதான். அம்பது வர்ற வரைக்கும் காட்டுக்குப் போவ மாட்டேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி மாதக்கணக்காகியிருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பழைய சோறு கேட்டார்.

சரியாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள் உண்டு. அடுத்த சீசனுக்கும் ஐம்பது பவுண்டு வரவில்லை, அவரும் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் ஐம்பது வந்தது, போனார். அதற்குள் ஈப்போவில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. மான் கிடைக்கவில்லை. திருகாணியை மறுபடி ஒரு சுற்று முறுக்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.